பச்சை குத்தும் வழக்கும் அதன்மேல் வீழ்ந்த பழியும்

அணிகலன்களுள் கள்வராற் கவரப்படாததும், அடகு வைக்க இயலாததும், உடலோடு ஒருங்கே மறைவதும் பச்சை குத்திய கோலமே. பொன்னணி பூணும் வகையற்ற எளிய மக்கள் இதனை விரும்பியமைக்கு இஃதொரு காரணமெனலாம். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் மூதாட்டியர் சிலரின் முன்கையில் மங்கிய நீலக் கோடுகளாகக் காணப்படும் இவ்வழக்கு, தமிழகத்தினின்றும் வந்ததாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பிக் காலத்திலே, தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். பின்னர்த் தேயிலைக் காலத்திற் குடும்பமாகக் குடியேறிய பெண்டிரின் கைகளில் ஊர்க்கோலமும் உடன்வந்தது.

தமிழகத்தில் இக்கலையைத் தொழிலாகக் கொண்டோர் குறவர் குலப் பெண்டிர். மஞ்சட்பொடியையும் அகத்தியிலையையும் அரைத்துத் துணியிற் பூசித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரிப்பர். மேலே கவிழ்த்த புதுச்சட்டியிற் படியும் கரியை நீரிலேனும் தாய்ப்பாலிலேனும் குழைத்து, ஊசியாற் குத்தித் தோலினுட் செலுத்துவர். கருமை தோலினூடே நீலப்பச்சையாகத் தோன்றுதலின் ‘பச்சை’ என்னும் பெயர் பொருத்தமாயிற்று. தேள், வாசற்கோலம் முதலியன விரும்பப்பட்ட வடிவங்கள்.

இத்தகைய அணி இழிவானது எங்ஙனம்? ஆங்கிலேயர் ஆட்சியில், 1797 ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்காளத்திற் கொடுங்குற்றவாளிகளின் நெற்றியிற் குற்றத்தின் பெயர் பச்சை குத்தப்பட்டது. 1849 இலேயே அத்தண்டனை ஒழிந்தது. 1871 ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 இற் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட, குறவரும் அதன் பிடியில் அகப்பட்டனர். அணி செய்த கைகளே ஐயத்துக்குரியனவாயின.

இந்நிலை தமிழர்க்கே உரியதன்று. யப்பானிலும் 1720 முதல் குற்றவாளிகள் பச்சை குத்தித் தண்டிக்கப்பட்டனர். 1827 அளவில் ஓவியர் குனியோசி பச்சை பொறித்த வீரர்களைத் தீட்ட, நகரத்துத் தொழிலாளர் அக்கோலத்தை விரும்பி ஏற்றனர். மேனாட்டார் தம்மை நாகரிகமற்றோர் எனக் கருதுவர் என்று அஞ்சிய அரசு 1872 இல் அதனைத் தடுத்தது. 1948 இலேயே தடை நீங்கியது. பொதுக் குளிப்பகங்கள் பல இன்னும் பச்சை குத்தியோரை அனுமதிப்பதில்லை. ஆயின், அத்தடை நிலவிய 1881 இல், பின்னாளில் இலங்கைக்கும் மன்னரான ஐந்தாம் ஜோர்ஜ் யப்பானிலே தம் கையிற் பறவைநாகம் பொறித்துக்கொண்டார். அரச குமாரன் கையில் அழகெனப்பட்டது, கூலியாளின் கையில் அநாகரிகமெனப்பட்டது.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களிடம் வதிவுக்குச் சான்று கேட்டது. சான்றிதழ் காட்ட இயலாத பாட்டிமாரின் கைகளில் அவர்தம் வரலாறு எழுதப்பட்டிருந்தது. அதனைப் படிப்பார் இலர். கல்வி கற்ற இளையோர் அக்கோலத்தைத் தோட்டத்தின் அடையாளமென மறைப்பராயின், பிறர் சுமத்திய பழியைத் தாமே ஏற்பவராவர். எஞ்சிய கோலங்களையேனும் வரைந்து, குத்தியவர் குத்தப்பட்டவர் நினைவுகளோடு பதிந்து வைத்தல் இம்மாவட்டத்து மாணவர் கடன்.