இரண்டு பெட்டிக்கு ஒரு போகி

நைஜல் கிரெஸ்லி என்றால் நீராவி எஞ்சின் பிரியர்களுக்கு ‘மல்லார்ட்’ நினைவுக்கு வரும். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடி, நீராவி எஞ்சின்களில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையைச் செய்த எஞ்சின் அது. ஆனால் அவருக்கு முதலில் கிடைத்த பெரிய பொறுப்பு எஞ்சின் அல்ல. 1905இல் இங்கிலாந்தின் கிரேட் நார்தர்ன் ரயில்வேயில் பெட்டிகளுக்கும் வேகன்களுக்கும் பொறுப்பாளராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. டான்காஸ்டர் பணிமனையில் அவர் தலையில் விழுந்தது ஒரு பழைய தலைவலி. ஆறு சக்கரப் பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளுக்குப் போகி கிடையாது. (நாம் பேச்சில் பெட்டியையே போகி என்கிறோம். இங்கே நான் சொல்வது பெட்டிக்குக் கீழே தனியாகத் திரும்பக்கூடிய சக்கரச் சட்டத்தை.) மூன்று அச்சுகளும் நேராகப் பெட்டியின் அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கும். வேகம் கூடினால் பெட்டி ஆடும், குதிக்கும், பயணிகள் திட்டுவார்கள். மரப்பெட்டியோ இன்னும் நல்ல நிலையில் இருந்தது. உடைத்துப் போட நிர்வாகத்துக்கு மனம் வராது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக இரண்டு போகி வாங்கிப் பொருத்தினால் செலவு தாங்காது. 1907இல் கிரெஸ்லி இரண்டு பெட்டிகளை முனையோடு முனை சேர்த்தார். வெளிமுனைகளில் ஆளுக்கொரு போகி, சேரும் இடத்தில் இருவருக்கும் பொதுவாக ஒன்று. நான்கு போகி வேண்டிய இடத்தில் மூன்றில் வேலை முடிந்தது.

சிக்கனத்துக்காகச் செய்ததுதான், ஆட்டமும் குறைந்தது. காரணம் புரிய வேண்டுமென்றால் வழக்கமான பெட்டியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதில் போகி பெட்டியின் கடைக்கோடியில் இருக்காது, சற்று உள்ளே தள்ளியே இருக்கும். போகியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முனை, வளைவில் வெளிப்பக்கமாக ஒதுங்கும். வளைவு திசை மாறும் இடத்திலும் பாயிண்ட்டைக் கடக்கும்போதும் அடுத்தடுத்த இரண்டு முனைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஓடும் எக்ஸ்பிரஸில் கையில் டீயோடு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாண்டியவர்களுக்கு இது காலிலேயே தெரியும். இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து, ஒன்று இடதுபக்கம் போகும்போது மற்றது வலதுபக்கம் போகும். பொதுப்போகியில் இரண்டு முனைகளும் ஒரே மூட்டில் கூடுவதால் அந்தப் பக்கவாட்டு இழுபறிக்கே இடமில்லை. இடையில் பஃபர் இல்லை, கப்ளிங் இல்லை, அந்தக் கப்ளிங்கின் தளர்வால் வரும் முன்பின் உலுக்கலும் இல்லை.

கிரெஸ்லிக்கு இந்த ருசி பிடித்துப்போய்விட்டது. 1921இல் லண்டன் – லீட்ஸ் தடத்துக்கு ஐந்து பெட்டிகளை ஆறு போகிகளில் ஏற்றி, சமையலறையில் மின்சார அடுப்பும் வைத்துக் கொடுத்தார். பிறகு லண்டன் கிங்ஸ் கிராஸ் புறநகர் சேவைக்கு நான்கு பெட்டி, ஐந்து போகி கொண்ட தொகுப்புகள் வந்தன. பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி குறைவு என்பதால் அதே பிளாட்பாரத்துக்குள் அதிகம் பேரை அடைக்க முடிந்தது. ‘அடைக்க’ என்றே சொல்கிறேன், அவை சொகுசு ரயில்கள் அல்ல. 1924இல் கட்டிய ஒரு தொகுப்பு இன்றும் நார்த் நார்ஃபோக் பாரம்பரிய ரயில்வேயில் இருக்கிறது.

இந்தப் பொதுப்போகிக்கு உலகம் வைத்த பெயரில் மட்டும் கிரெஸ்லி இல்லை. ஜெர்மனியில் இதே வேலையைச் செய்த வில்ஹெல்ம் ஜேகப்ஸின் பெயரால் ‘ஜேகப்ஸ் போகி’ என்றுதான் பொறியாளர்கள் சொல்கிறார்கள். பெயர் நிலைத்ததற்கு ஜெர்மனியின் ஒரு ரயிலே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

1933 மே 15 முதல் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே ஓடிய ‘பறக்கும் ஹாம்பர்க்கர்’ அது. கேர்லிட்ஸ் நகரின் வூமாக் தொழிற்சாலையில் கட்டியது. இரண்டே பெட்டி, மூன்று போகி, 98 இருக்கை. முன்னும் பின்னும் உள்ள போகிகளில் ஆளுக்கொரு 410 குதிரைத்திறன் மேபாக் டீசல் எஞ்சின், அதோடு சேர்ந்த ஜெனரேட்டர். அந்த மின்சாரத்தில் சுழலும் மோட்டார்கள் இருந்ததோ நடுவில் உள்ள பொதுப்போகியில். எனக்கு இந்த ரயிலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இழுக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் வேண்டும், பிடிமானத்துக்கு எடை வேண்டும். இரண்டு பெட்டிகளும் சாய்ந்து நிற்கிற இடத்திலேயே மோட்டாரை வைத்துவிட்டார்கள். 286 கிலோமீட்டரை 138 நிமிடத்தில் கடந்தது. அதிக வேகம் மணிக்கு 160.

மறுவருடம் அமெரிக்கா. பட் கம்பெனி துருப்பிடிக்காத எஃகில் கட்டிய ‘செஃபிர்’, மூன்று பெட்டிகள் நான்கு போகிகளில், 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேல், 13 மணி 5 நிமிடத்தில் ஓடி நாட்டையே வாய்பிளக்க வைத்தது. ஆனால் இந்த ஏற்பாட்டின் குறையும் அங்கேதான் அம்பலமானது. 72 இருக்கை போதாமல் போனபோது, மற்ற ரயில்களில் செய்வதுபோல யார்டிலிருந்து இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து கோத்துவிட முடியவில்லை. ஒரு பெட்டி பழுதானால் மொத்த ரயிலும் படுத்துவிடும். சில வருடங்களிலேயே அமெரிக்க ரயில் கம்பெனிகள் தனித்தனிப் பெட்டிகளுக்குத் திரும்பிவிட்டன.

ஜப்பானில் 1957இல் ஓடாக்யூ ரயில்வேயின் எட்டுப் பெட்டி ரயில், ஒன்பது போகிகளோடு மணிக்கு 145 கிலோமீட்டர் தொட்டது. 1067 மில்லிமீட்டர் அகலத் தடத்தில் அப்போது அது உலக சாதனை. நம் பழைய மீட்டர்கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் அகலம் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த வேகத்தின் அருமை தெரியும். வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்த தடனாவோ மிகி, போர்க்காலத்தில் கடற்படைக்கு விமானம் வடிவமைத்தவர்.

பிறகு பிரான்ஸ். 1972இல் ஓடிய அதிவேகச் சோதனை ரயில் டிஜிவி 001, கேஸ் டர்பைனில் மணிக்கு 318 கிலோமீட்டர் போனது. எண்ணெய் விலை ஏறியதும் டர்பைனைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறினார்கள். போகி ஏற்பாட்டை மட்டும் விடவில்லை. 1981இல் சேவைக்கு வந்த முதல் டிஜிவியில் இரண்டு எஞ்சின்கள், நடுவே எட்டுப் பெட்டிகள். மொத்தம் 13 போகிகள். வழக்கமான முறையில் 20 ஆகியிருக்கும்.

டிஜிவி பக்கத்தில் நின்று இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தைப் பார்த்தால் இந்த ஏற்பாடு புரியும். ஒரு பெட்டியின் முனையில் ஒரு கனத்த எஃகு வளையம், அது போகியின் ஸ்பிரிங்குகள்மேல் உட்கார்ந்திருக்கும். அடுத்த பெட்டி நேராகப் போகியில் உட்காராது. அந்த வளையத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு பந்துமூட்டில் தன் எடையை வைக்கும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நீளவாக்கில் ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பர்கள். ஒரு பெட்டி வலப்பக்கம் நெளியப் பார்த்தால் முன்னும் பின்னும் உள்ள பெட்டிகள் அதைப் பிடித்து நிறுத்தும். போகி பெட்டிக்கு அடியில் இல்லாமல் இடைவெளியில் இருப்பதால் ஸ்பிரிங்கை உயரத்தில் வைக்க முடிகிறது. அதனால் வளைவில் பக்கவாட்டுச் சாய்வும் குறைகிறது. பயணியின் இருக்கைக்கு நேர் கீழே சக்கரம் ஓடாததால் சத்தமும் குறைவு. கிரெஸ்லி பணம் மிச்சப்படுத்தப் போட்ட மூட்டு, மணிக்கு 300 கிலோமீட்டரில் ரயிலின் முதுகெலும்பாக நின்றது.

அது எவ்வளவு உறுதி என்பது 1993 டிசம்பர் 21 அன்று தெரிந்தது. வட பிரான்சில், முதல் உலகப் போர்க்காலத்தில் தோண்டிய பள்ளம் ஒன்று தண்டவாளத்துக்கு அடியில் மழையில் சரிந்திருந்தது. மணிக்கு 294 கிலோமீட்டரில் வந்த டிஜிவியின் பின்பகுதி தடம் புரண்டது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை, மடங்கவில்லை, கவிழவில்லை. ஒட்டுமொத்தமாக நிமிர்ந்தே ஓடி நின்றது. யாரும் சாகவில்லை. இதை வைத்து இந்த ஏற்பாட்டுக்குக் கோயில் கட்டுபவர்கள் உண்டு. அவர்கள் 2015 நவம்பரில் எக்வெர்ஷைமில் நடந்ததையும் படிக்க வேண்டும். அங்கே ஒரு டிஜிவி சோதனை ரயில் வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் போய்ப் பாலத்துக்கு அருகே சிதறியது. 11 பேர் இறந்தார்கள். மூட்டு எவ்வளவு நல்லதானாலும் பிரேக் போட வேண்டிய இடத்தில் போட்டாக வேண்டும்.

இத்தனை நல்லதென்றால் எல்லோரும் ஏன் செய்யவில்லை? ஜப்பானின் ஷின்கான்செனில் பெட்டிக்கு இரண்டு போகி, ஜெர்மனியின் ஐசிஈயிலும் அப்படித்தான். பெரம்பூர் ஐசிஎஃபில் பிறந்த வந்தே பாரத்திலும் 16 பெட்டிக்கு 32 போகி. பொதுப்போகி போட்டால் 17 போதுமே என்று யாராவது கணக்குச் சொன்னால், அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. வழக்கமான முறையில் ஒரு போகி அரைப் பெட்டியின் சுமையைத் தாங்கும். பொதுப்போகியில் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை என்று முழுப் பெட்டியின் சுமையும் இரண்டே அச்சில் இறங்கும். அதிவேகத் தடத்தில் ஓர் அச்சுக்கு 17 டன்தான் என்று பிரெஞ்சுக்காரர்கள் வரம்பு வைத்திருப்பதால், டிஜிவி பெட்டியின் நீளத்தை 18.7 மீட்டருக்குள் சுருக்கிக்கொண்டார்கள். நம் பெட்டியோ 24 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. நீளமான பெட்டியென்றால் வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கமாகவும் அதிகம் ஒதுங்கும். ஆகவே 384 மீட்டர் நீள வந்தே பாரத்தை டிஜிவி அளவுப் பெட்டிகளால் கட்டினால் 21 பெட்டி, 22 போகி ஆகும். மிச்சம் 15 அல்ல, 10.

அந்தப் பத்துக்காக டெப்போவை மாற்ற வேண்டும். இப்போது ஒரு பெட்டியில் கோளாறு என்றால் அதை மட்டும் கழற்றி, தூக்கி, போகியை உருவிவிடலாம். டிஜிவி டெப்போவில் 200 மீட்டர் ரயிலின் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே சீராக இயக்கி, முழு ரயிலையும் ஒரே நேரத்தில் தூக்குகிறார்கள். அவர்களுக்கு அது கட்டுபடியாகிறது, புதிய தலைமுறை டிஜிவியிலும் பொதுப்போகியைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் யார்டுகளில் இன்றைக்கு இருக்கிற வசதிக்கு 32 போகிதான் மலிவு என்று நினைக்கிறேன்.