சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள்

சிறுநீரில் உப்பு கூடுதலாக வெளியேறச் செய்து, அதன்வழியே உடலில் தேங்கிய நீரைக் குறைக்கும் மருந்துகள் சிறுநீர்ப்பெருக்கிகள். பேச்சுவழக்கில் 'நீர் மாத்திரை'. உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, மகோதரம், சிறுநீரக நோயால் வரும் கால்வீக்கம் ஆகியவற்றுக்குத் தரப்படுகின்றன.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் நுண்குழாய்களில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. சோடியம் போகும் வழியில் நீரும் போகும். நுண்குழாயின் எந்தப் பகுதியில் சோடியத்தை மறிக்கிறது என்பதை வைத்தே மருந்தின் வகையும் வலிமையும் அமைகின்றன.

வலிமை மிக்கது ஃபுரோஸ்மைடு. லாசிக்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். வடிகட்டிய சோடியத்தில் கால்பங்கை மீட்கும் ஹென்லே வளைவு என்ற நுண்குழாய்ப் பகுதியில் இது வேலை செய்கிறது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுபவரைத் திண்டிவனத்திலிருந்தோ செஞ்சியிலிருந்தோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது நரம்பில் ஏற்றப்படும் மருந்துகளில் இதுவும் ஒன்று. சில நிமிடங்களில் வேலை தொடங்கிவிடும். மாத்திரையாக விழுங்கினால் ஏறக்குறைய 6 மணி நேரம் நிற்கும். இரவுத் தூக்கம் கெடாமலிருக்கக் காலையில் எடுப்பது நல்லது.

தயசைடு வகை அதற்கு அடுத்த வளைகுழாயில் சோடியத்தைத் தடுக்கிறது. வலிமை குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்துக்கு நீண்டநாள் எடுக்க ஏற்றது. 1958இல் குளோரோதயசைடு விற்பனைக்கு வரும்வரை மருத்துவர்கள் பாதரசம் கலந்த ஊசிகளை நம்பியிருந்தனர். இன்று ஹைட்ரோகுளோரோதயசைடும் குளோர்தாலிடோனும் வழக்கத்தில் உள்ளன. முதியோரில் சோடியம் இறங்கி மயக்கம், குழப்பம் வரலாம். யூரிக் அமிலம் ஏறுவதும் உண்டு.

இவ்விரு வகையும் பொட்டாசியத்தையும் இழக்கச் செய்யும். ஸ்பைரோனோலாக்டோன் நேர்மாறு: ஆல்டோஸ்டீரோன் ஹார்மோனை மறித்து, பொட்டாசியத்தைத் தக்கவைக்கிறது. குடியால் கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர்ந்தவர்களுக்கு இதுவே முதல் மருந்து. சில ஆண்களுக்கு மார்பு வீங்கும். சிறுநீரகம் பழுதடைந்தவர் இதை எடுத்துக்கொண்டு தினமும் இளநீரும் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். இளநீரை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இவை தவிர, மூளை வீக்கத்துக்கு மானிட்டாலும், கண் அழுத்தத்துக்கு அசெட்டசோலமைடும் தரப்படுகின்றன.

சித்த மருத்துவத்தில் மூக்கிரட்டை, சிறுபீளை, நெருஞ்சில் ஆகியவை நீர்பெருக்கிகள். பொங்கல் காப்புக்கட்டில் செருகும் பூளைப்பூதான் சிறுபீளை.

கருவாடும் ஊறுகாயும் தினமும் தட்டில் இருந்தால் நீர் மாத்திரையின் பலன் பெருமளவு வீணாகும். மரக்காணம் உப்பளத்திலோ கரும்புத் தோட்டத்திலோ கோடையில் வேலை செய்பவரின் நிலை வேறு. வியர்வையிலும் உப்பு போகும், மாத்திரையிலும் போகும். எழுந்து நின்றாலே தலை சுற்றும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் மாத்திரையைத் தொடர்வதா என மருத்துவரைக் கேட்க வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் நீர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். எனாலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற அழுத்த மாத்திரையும் உடன் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே முடங்க வாய்ப்புண்டு.