வாவிக்கரையிற் பெண்பெயர்கள்: தன்னாமுனையை முன்வைத்து ஒரு நோக்கு

மன்னர் செயலைக் கல்வெட்டுக் கூறும். புலவர் பெருமையை நூல் கூறும். வயலுக்கும் வாவிக்கும் இடையே வாழ்ந்து மறைந்த எளிய பெண்ணைக் குறித்து வரலாற்று மாணவனுக்கு எஞ்சுவது பெரும்பாலும் அவள் பெயர் ஒன்றே. எனவே பெயர்களின் பொருளை ஆராய்தல் வீண் முயற்சியன்று.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூர் செல்லும் வழியில் வாவிக்கரையில் அமைந்த தன்னாமுனை, கத்தோலிக்கர் நெடுங்காலமாக வாழும் ஊர். புனித சூசையப்பரே அவ்வூர் ஆலயத்தின் பாதுகாவலர். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கோட்டை அமைத்தனர். 1638இல் அது ஒல்லாந்தர் கைப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கம், 1687இல் இலங்கை வந்த யோசேப்வாஸ் அடிகளின் பணியாற் புத்துயிர் பெற்றது. கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கிலேயர் 1806இல் நீக்கினர். இவ்வரலாற்றினூடாகவே புதிய பெயர்களும் தமிழர் நாவிற் குடிபுகுந்தன.

அவை இருவழியிற் புகுந்தன எனலாம். ஒன்று ஒலிவழி, மற்றையது பொருள்வழி. மரியம்மா, திரேசம்மா, சவேரியம்மா ஆகியன ஒலிவழி வந்தவை. மரியாளின் துயரங்களை நினைவூட்டும் வியாகுலம்மா, மாசின்றி உற்பவித்தமையைக் குறிக்கும் அமலோற்பவம் ஆகியன பொருள்வழி வந்தவை. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் யோசேப்பை 'வளன்' என்றழைத்தமை இப்பொருள்வழிக்குச் சிறந்த சான்று. பெருகச் செய்தல் என்னும் எபிரேயப் பொருளை அச்சொல் தமிழில் உணர்த்துகின்றது.

அன்னம்மா என்ற பெயரோ இவ்விரு வழிகளும் சந்திக்குமிடம். எபிரேயத்தில் அதன் மூலம் அருளைக் குறிக்கும். தமிழர் செவியிலோ அது சோற்றையும் பறவையையும் நினைவூட்டும். நெல் விளையும் நாட்டிற் பிறந்த பெண்ணுக்கு இதனினும் பொருந்தும் பெயர் அரிது.

இத்தகைய மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிறித்தவம் பரவிய நோர்வேயிலும் மார்கரேத்தா 'மாரித்' ஆயிற்று. கத்தரீனா 'காரி' ஆயிற்று. மார்கரேத்தா என்பதன் கிரேக்க மூலம் முத்தைக் குறிக்கும். எனினும் மாரித் என்று அழைப்போர் செவியில் முத்தின் பொருள் ஒலிப்பதில்லை. ஒலி தேயுமிடத்துப் பொருளும் மறையும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. 1980களிலிருந்து ஈழத்தமிழர் பலர் அந்நாட்டிற் குடியேறியமையால், மாரித்தும் அன்னம்மாவின் பேர்த்தியும் இன்று ஒரே வகுப்பில் அமர்தல் கூடும்.

மட்டக்களப்பில் குடிவழி தாயைப் பற்றியே தொடர்கின்றது. குடியைத் தாங்கிய அப்பெண்களின் பெயர்களை நாம் தாங்கினோமா என்பதே வினா. பிறந்த நேரத்துக்கும் எண்கணிதத்துக்கும் ஏற்ப எழுத்தைக் கூட்டிப் பொருளற்ற பெயர் சூட்டும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. வியாகுலம்மா என்ற பெயரைச் சூடியவள், தன் துயரையும் ஒரு தாயின் துயரோடு இணைத்துக் காணும் ஆறுதலை அதிற் பெற்றாள். அந்த ஆறுதலை வெறும் ஓசை தருமா?

ஞானஸ்நானப் பதிவேடுகள் குழந்தையின் பெயரையும் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களையும் தாங்குவன. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் நீண்ட போரையும் கண்ட இம்மண்ணில் அவற்றைப் பேணுதல் நம் கடன். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியின் பெயரையும் அதன் பொருளையும் கேட்டெழுதி வருவாராயின், எழுதப்படாத ஒரு வரலாற்றின் முதல் ஏடு அங்கே தொடங்கும்.