மரத்து மேல ஒரு மச்சான்

மச்சான்னு சொன்னா நமக்கு அக்கா புருஷன், இல்லன்னா மாமா பையன், இல்லன்னா கூடச் சுத்துற நண்பன். இந்தியில் மச்சான் என்றால் மரத்தின் மேல் கட்டிய மேடை. வேட்டைக்காரர் ராத்திரி முழுக்க அசையாமல் உட்கார்ந்து புலிக்காகக் காத்திருக்கும் இடம். நம்ம ஊர்ச் சொல்லில் பரண்.

அந்த இந்திச் சொல் 'மஞ்ச' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம 'மஞ்சம்' கூட அதே வேர்தான். மஞ்சம்னா கட்டில். இந்தக் கட்டிலைக் கொஞ்சம் நினைவில் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

இன்னிக்கு இழை நீளம். ஆரம்பாக்கத்தில் தொடங்கி வேலூர் போய், ஓசூர் பக்கம் முடியும். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

சென்னையிலிருந்து கூடூர் மார்க்கத்தில் ரயிலில் போனால் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் ஆரம்பாக்கம். அடுத்தது தடா, ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதன் மீனவக் கிராமங்களும். மேற்கே தூரத்தில் நாகலாபுரம் மலைகள். ஏரிக்குள் பூநாரைகள் நிற்கும் இடத்தைப் பார்த்திருந்தா தெரியும், பரண் கட்ட அங்கே ஒரு மரம் கிடையாது. கணுக்கால் தண்ணீர், திறந்த வெளி. நீங்க பூநாரையைப் பார்க்கும் முன்னாடியே அது உங்களைப் பார்த்திருக்கும்.

மரம் இல்லாத இடத்தில் மனிதன் எப்படி ஒளிந்தான்? வட இந்தியாவில் வாத்து பிடித்தவர்கள் சும்மா மண்பானைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவார்களாம். வாத்துகளுக்குப் பானை பழகிய பிறகு, கண்ணுக்கு ஓட்டை போட்ட ஒரு பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து போய்க் காலைப் பிடித்து இழுப்பது. மகாராஷ்டிரத்தில் 'காய் பார்தி' என்று ஒரு வேட்டைச் சமூகம் உண்டு. காய் என்றால் பசு. பழக்கிய மாட்டை மேய விட்டு, அதன் மறைவில் ஒட்டிக்கொண்டே இரையை நெருங்குவார்கள். பேரே அதிலிருந்து வந்ததுதான். நாலு காலில் நடக்கும் மறைப்பு! மடக்கி எடுத்துப் போகும் வேலைகூட இல்லை.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. நேரா துப்பாக்கியோடு ஏரிக்கு வந்தார்கள். வேடந்தாங்கலில் அப்படிச் சுட்டபோது ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். 1858ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தரவில்லை.

சரி, மேற்கே மலைப் பக்கம் திரும்புவோம். அங்கேதான் மரமும் பரணும்.

பரண் வேட்டைக்காகப் பிறந்தது கிடையாது. பயிர்க் காவலுக்குப் பிறந்தது. சங்கப் பாடல்களில் இதற்கு இதணம், கழுது என்று பெயர்கள் உண்டு. தினை முற்றும் காலத்தில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் அதன் மேல் ஏறி நின்று கிளி ஓட்டுவார்கள். தழல், தட்டை, குளிர் என்று அதற்குத் தனிக் கருவிகள். நம்ம வள்ளி முருகனைச் சந்தித்ததே தினைப்புனக் காவலில்தான். ராத்திரியில் ஆண்கள் ஏறி யானையையும் பன்றியையும் விரட்டுவார்கள்.

புலியை எதிர்த்தவர்கள் தரையில் நின்றார்கள். மாட்டைக் காப்பாற்றப் போய்ப் புலியோடு சண்டையிட்டுச் செத்தவர்களுக்குப் புலிக்குத்திக் கல் நட்டிருக்கிறார்கள், கொங்கு நாட்டிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் போனால் பார்க்கலாம். ஈட்டி, வாள், எதிரே புலி. மரத்து மேல இருந்து சுட்டவர்களுக்குக் கல் கிடையாது. அவர்கள் புத்தகம் எழுதினார்கள்!

கிண்டல் போதும். அதில் இரண்டு பேர் நிஜமாகவே நன்றாக எழுதினார்கள். ஜிம் கார்பெட் ஒருவர். ருத்ரபிரயாகை சிறுத்தை அரசுக் கணக்குப்படியே 125 பேரைக் கொன்றது. 1926 மே மாதம் கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தில் இரவு இரவாகக் காத்திருந்துதான் அதைச் சுட்டார்.

இன்னொருவர் நம்ம பக்கத்து ஆள், பெங்களூர் கென்னத் ஆண்டர்சன், 1910ல் பிறந்து 1974ல் இறந்தவர். ஜவளகிரி, பென்னாகரம் காடெல்லாம் அவருக்கு அத்துப்படி. 1954ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் சாமலா பள்ளத்தாக்குப் புலி பற்றி ஒரு கதை வரும். நான் சொன்ன நாகலாபுரம் மலைகளைத் தாண்டி, திருப்பதிக்கும் மேற்கே இருக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. அங்கே ஓர் இடத்தின் பெயர் புலிபோனு. தெலுங்கில் புலிக்கூண்டு என்று பொருள். புலி அங்கே எவ்வளவு பழைய பிரச்சினை என்பது பேரிலேயே இருக்கு பாருங்க.

காட்டில் புதுசா மரம் வெட்டிப் பரண் கட்டினால் சத்தம் வரும், வெட்டிய கிளையின் வாசம் வரும், புலி திரும்பி வராது. அதனால் ஆண்டர்சன் கையோடு ஒரு பரண் கொண்டு போவார். நாடா பின்னிய கட்டில் சட்டம், மூலைகளில் கயிறு. கிளைகளுக்கு நடுவே கட்டி, சுற்றி இலை தழை செருகினால் மறைப்பும் ரெடி. மஞ்சம் மரத்துக்கே ஏறிவிட்டது! இன்று அமெரிக்காவில் மான் வேட்டைக்கு விற்கும் மடக்கு ஏணி, மடக்கு இருக்கை, துப்பாக்கி தாங்கும் கம்பி, பச்சைத் துணி மறைப்பு எல்லாம் இந்தக் கட்டிலின் பேரப்பிள்ளைகள்தான்.

இப்போ டாக்டர் மூளை எட்டிப் பார்க்குது. துப்பாக்கிக்கு எதுக்குத் தாங்கி?

கையை நீட்டிப் பிடிங்க. எவ்வளவு திடமான ஆளாக இருந்தாலும் விரல் நுனி லேசாக நடுங்கும். நோய் ஒண்ணும் இல்ல. தசை வேலை செய்யும் விதமே அப்படி. நொடிக்கு சுமார் 8 முதல் 12 முறை. அதோடு மூச்சில் நெஞ்சு ஏறி இறங்கும், ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் உடம்பு மெல்ல உதறும். பயத்தில் அட்ரீனலின் ஏறினால் எல்லாம் இரட்டிப்பு. ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் நாலு கிலோவுக்கு நெருக்கம். இருட்டில் புலி வந்து நிற்கும்போது அதைத் தூக்கிப் பிடித்தால் குறி எங்கே நிற்கும்? கிளையில் சாய்த்தால் நடுக்கத்தை மரம் வாங்கிக்கொள்ளும்.

இந்த நடுக்கத்தை மாத்திரையாலும் குறைக்கலாம். ப்ரோப்ரனலால் என்று நாங்கள் பதற்றத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் மாத்திரை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு துப்பாக்கிச் சுடுதலில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார். பரிசோதனையில் இந்த மருந்து சிக்கியது. இரண்டு பதக்கமும் போச்சு.

அடுத்தது கால். பரணில் அசையாமல் பத்து மணி நேரம் உட்காருவது என்ன செய்யும்? 1940ல் லண்டன் மீது குண்டு விழுந்த நாட்களில் மக்கள் பதுங்கு இடங்களில் மடக்கு நாற்காலியிலேயே இரவெல்லாம் தூங்கினார்கள். குண்டு படாதவர்கள் சிலர் திடீரென்று செத்தார்கள். கீத் சிம்ப்சன் என்ற பிரேதப் பரிசோதனை நிபுணர் காரணத்தைக் கண்டுபிடித்து அந்த ஆண்டே எழுதினார். நாற்காலியின் முன் சட்டம் தொடையை அழுத்த, கால் சிரையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. அந்த வகையில் ஆண்டர்சனின் கட்டில் புத்திசாலித்தனம். காலை நீட்டிக்கலாம், அழுத்தும் விளிம்பு இல்லை.

ஆனா பரணின் நிஜமான ஆபத்து புலியும் இல்ல, ரத்தக் கட்டியும் இல்ல. விழுவது.

அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வேட்டைக் காயத்தோடு வருபவர்களில் குண்டடி பட்டவர்களைவிட மரமேடையிலிருந்து விழுந்தவர்கள் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதில் முதுகெலும்பு முறிவு நிறைய. பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நடக்கிறது. பழைய இடுப்பு பெல்ட் விழுந்தவரைத் தொங்க விட்டு மூச்சை நெரிக்கும் என்பதால், இப்போது தோளையும் தொடையையும் சேர்த்துக் கட்டும் பட்டைதான் போடச் சொல்கிறார்கள். அதிலும் ரொம்ப நேரம் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும்.

நம்ம நாட்டிலும் தண்டுவடக் காயத்துக்கு முக்கியக் காரணம் உயரத்திலிருந்து விழுவது. பனை, தென்னை, மா, மொட்டை மாடி, பரண். அப்படி இடுப்புக்குக் கீழே உணர்வு போனவரை முன்பெல்லாம் ஒரு மூலையில் படுக்க வைத்துவிடுவார்கள். படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் கொஞ்ச நாளில் கதை முடியும்.

அந்தக் கதையை மாற்றியவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் ஒரு வாகன விபத்தில் அவருக்கே இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. அப்போ அவர் இளம் மருத்துவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966ல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கினார். 1972ல் பத்மஸ்ரீ. மரத்திலிருந்து விழுந்த ஒரு விவசாயி சக்கர நாற்காலியில் வீடு திரும்பிக் கடை வைத்துப் பிழைக்க முடியும் என்பதை இந்த நாட்டுக்குக் காட்டிய இடம் அது.

அதே 1972ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வேட்டைப் பரண் சட்டப்படி முடிந்தது. காவல் பரண் முடியவில்லை. ராகி முற்றும் மாதங்களில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைகள் ஓசூர், தேன்கனிக்கோட்டை வயல்களுக்கு வரும். ஆண்டர்சன் சுற்றிய அதே ஜவளகிரி பக்கம்தான். விவசாயிகள் இன்றும் மரத்தில் பரண் கட்டி, டார்ச்சும் பட்டாசுமாக ராத்திரி உட்காருகிறார்கள். பட்டையும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. தூக்கக் கலக்கத்தில் இறங்கும்போது ஒரு கால் தவறினால் போதும்.

இதை அங்கே யாருக்காவது அனுப்ப முடிந்தால் அனுப்புங்க. விழுந்தவரை உட்கார வைக்காதீங்க. தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஓட்டாதீங்க. விரலை அசைக்கச் சொல்லிப் பாருங்க, காலில் தொட்டால் தெரியுதான்னு கேளுங்க. 108க்குச் சொல்லுங்க. அது வரும் வரை தலையையும் கழுத்தையும் ஒருவர் அசையாமல் பிடிக்கணும். நகர்த்தியே ஆகணும்னா நாலு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் ஒரே நேரத்தில் ஒரு மரக்கட்டை உருளுவது போலத் திருப்பி, பலகையில் வைக்கணும். தண்ணி கொடுக்க வேண்டாம்.

பலகை இல்லையா? பக்கத்து வீட்டுக் கதவைக் கழற்றலாம். நாடாக் கட்டில் வேண்டாம், நடுவில் குழியும்.