தொட்டியில் பெயர் பெற்ற செடி

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் உள்ள அக்வாரியம் கடைக்குள் போனாலும் சரி, கொட்டாஞ்சேனைக் கடைக்குள் போனாலும் சரி, வெளிச்சம் குறைந்த ஒரு தொட்டியின் அடியில் ஓரம் நெளிந்த, பச்சையும் கபிலமும் கலந்த இலைகளோடு ஒரு குட்டைச் செடி நிற்கும். கடைக்காரர்கள் அதைச் சுருக்கமாக ‘கிரிப்ட்’ என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘வென்டி’ என்பார்கள். முழுப் பெயர் கிரிப்டோகோரின் வென்டி. சேம்பும் கருணையும் சேர்ந்த அதே குடும்பம். காட்டுச் செடியாக இலங்கை நீரோடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக முளைக்காதது. ஆனால் அதன் பெயரில் இருப்பவர் ஜெர்மனியின் ரொஸ்டொக் நகரத்து மனிதர். பெயர் சூட்டியவர் நெதர்லாந்துக்காரர். இந்தப் பெயர் வந்த வழியைத் தெரிந்துகொண்டால், வீட்டில் இதை வளர்ப்பதில் உள்ள பாதிக் குழப்பம் தீரும்.

இலங்கைத் தாவரங்களுக்கு ஐரோப்பியர் முறையாகப் பெயரிட்ட கதையில் கொழும்புக்கும் ஓர் இடம் உண்டு. கொம்பனித்தெருவில் இன்றும் கியூ வீதி என்றொரு வீதி இருக்கிறது. 1810இல் ஆங்கிலேயர் அங்கே அமைத்த தாவரத் தோட்டத்தின் நினைவு அது. பின்னர் அந்தத் தோட்டம் களுத்துறைக்குப் போய், 1821இல் பேராதனையில் நிலைகொண்டது. பேராதனைத் தோட்டத்தை நெடுங்காலம் நடத்திய துவெயிற்ஸின் பெயரை, வியன்னாவிலிருந்த ஷொட் 1857இல் ஒரு கிரிப்டோகோரினுக்கு வைத்தார். அதே ஆண்டு இன்னொன்றுக்கு வோக்கரி என்ற பெயர் கிடைத்தது. 1885இல் டிரைமன் வெளியிட்ட பெக்கெற்றி, கோப்பித் தோட்டக்காரராக இருந்துகொண்டே பாசிகளை ஆராய்ந்த பெக்கெற்றின் நினைவு. 1898இல் வந்த நெவிலியின் பெயருக்கு உரியவர், ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டிய அரசாங்க அதிகாரி ஹியூ நெவில். இவை எல்லாம் ஆற்றங்கரையில் பறித்து, காகிதத்தில் அழுத்திக் காயவைத்த செடிகளிலிருந்து எழுதப்பட்டவை.

வென்டியின் கதை அப்படியில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய வீடுகளில் மீன்தொட்டி வைப்பது பெரிய ஆர்வமாகப் பரவியது. இலங்கை மீன்களோடு இலங்கைச் செடிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. எந்த ஓடையில் பிடுங்கியது என்று யாரும் குறித்து அனுப்பவில்லை. அன்றைய வியாபாரத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. ரொஸ்டொக்கைச் சேர்ந்த ஆல்பெர்ட் வென்ட், அக்வாரியத் தாவரங்களைப் பற்றி 1950களில் பகுதி பகுதியாக ஒரு விரிவான நூலை வெளியிட்டு வந்தார். வாகனிங்கன் நகரத்துத் தாவரவியலாளர் டி விட், தொட்டியில் வளர்ந்த செடிகளை வைத்து 1958இல் இந்த இனத்தை விவரித்து, அதற்கு வென்டின் பெயரைச் சூட்டினார். மண்ணில் பிறந்தது இங்கே, பதிவேட்டில் ஏறியது கண்ணாடித் தொட்டியிலிருந்து. ஊரும் ஆறும் அந்தப் பயணத்தில் தொலைந்துபோயின.

ஊரும் ஆறும் தொலைந்ததன் விளைவு இன்றும் கடைகளில் தெரிகிறது. ஒரே வென்டியை மங்கிய வெளிச்சத்தில் வைத்தால் இலை நீண்டு பச்சையாகும். நல்ல வெளிச்சத்தில் குட்டையாகிக் கபிலம் ஏறும். தண்ணீருக்கு மேலே வளர்த்தால் வேறொரு செடியோ என்று நினைக்கும்படி மாறிவிடும். இந்த மாற்றங்களைப் பார்த்தே பல வகைப்பெயர்கள் எழுந்தன. டென்மார்க்கின் நீல்ஸ் யாக்கொப்சன் 1970களில் இலங்கை இனங்களை ஆராய்ந்து, குரோமோசோம்களையும் எண்ணிப் பார்த்தார். வழக்கமான 28க்குப் பதிலாக 42 கொண்ட மும்மடிச் செடிகளும் இவற்றில் உண்டு என்பது அப்போது தெளிவானது. தடித்த இலையும் வேகமான வளர்ச்சியும் உள்ள செடியைப் புதிய இனம் என்று நினைத்துவிட இது ஒன்றே போதும். இன்னொரு குழப்பம் அதைவிடப் பெரியது. பல ஆண்டுகளாக நெவிலி என்று விற்கப்பட்ட குட்டைச் செடி நெவிலியே அல்ல, அது வில்லிசி. அதுவும் இன்று கலப்பினமாகவே கொள்ளப்படுகிறது. உண்மையான நெவிலி கிழக்கு மாகாணத்துச் செடி. ஓடை வற்றும் காலத்தில் இலை உதிர்த்து மண்ணுக்குள் அடங்கிக் கிடக்கும்.

ஆகவே இலையை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இலை ஒரு விடயத்தில் மட்டும் பொய் சொல்லாது. கடையில் ‘கிரிப்ட்’ என்று கொடுத்தது உண்மையில் அதன் நெருங்கிய உறவான லெஜினாந்திராவாக இருக்கலாம். விரியாத இளந்தளிரை உற்றுப் பாருங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பாய் சுருட்டியதுபோல ஒரே சுருளாக இருந்தால் கிரிப்டோகோரின். இரண்டு ஓரங்களும் உள்பக்கமாகத் தனித்தனியே சுருண்டு நடு நரம்பை நோக்கி வந்தால் லெஜினாந்திரா. பூ இல்லாமலே, கண்ணாலேயே முடிவு செய்யக்கூடிய அடையாளம் இது.

இனத்தைச் சொல்லப் பூ வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் செடி பெரும்பாலும் பூக்காது. காட்டிலும் ஓடையில் நீர் வற்றி இலைகள் வெளியே தலைகாட்டும் நாட்களில்தான் பூ வரும். இலைக்கொத்தின் நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குழல் எழும். உச்சியில் அது ஒரு பக்கமாகப் பிளந்து மடலாக விரியும். வென்டியில் மடல் கபில நிறம், முறுக்கியிருக்கும். குழலின் வாயைச் சுற்றிய கழுத்து இன்னும் கடுமையான நிறம். வோக்கரியில் மடலும் கழுத்தும் மஞ்சள். துவெயிற்ஸியில் வெள்ளை மடலில் செம்புள்ளிகள். உண்மையான பூக்கள் கண்ணுக்குத் தெரியாது. குழலின் அடியில், வீங்கிய சிறு அறைக்குள், கீழே பெண்பூக்களும் மேலே ஆண்பூக்களுமாக ஒளிந்திருக்கும். மணத்தை நம்பி இறங்கும் சிறு ஈக்கள் அங்கே அடைபடும். பெண்பூக்கள் முதலில் தயாராகும். பின்னர் ஆண்பூக்கள் மகரந்தத்தை உதிர்க்க, அதைப் பூசிக்கொண்டு ஈக்கள் வெளியேறும். வாடிய குழலைக் கூரிய பிளேட்டால் நீளவாக்கில் பிளந்து கைக்கண்ணாடியில் பார்த்தால் இந்த அறை முழுவதும் தெரியும். ஒருமுறை பார்த்தவர் பிறகு இதை வெறும் மீன்தொட்டி அலங்காரம் என்று சொல்லமாட்டார்.

கொழும்புத் தொடர்மாடி வீடு இதற்கு நன்றாகவே ஒத்துவரும். வெப்பமும் ஈரமும் நம்மிடம் இயல்பாகவே உண்டு. மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிறு சாடி, ஆற்றுமணலோடு கலந்த குளத்துக் களி, மேலே மக்கிய இலைத்தூள் கொஞ்சம் போதும். சாடியின் பாதி உயரத்துக்கு மட்டும் தண்ணீர் நிற்கட்டும். இலைகள் காற்றில் இருக்க வேண்டும், ஆனால் அந்தக் காற்று ஈரமாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் ஓரிரவு வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். நேர் வெயில் ஆகாது. காலை வெளிச்சம் மட்டும் படும் ஜன்னல் போதும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மூடியைத் திறந்துவிடக் கூடாது. உப்புக் காற்று தளிரைக் கருக்கிவிடும்.

வாங்கி வந்த சில நாட்களில் இலைகள் கூழாகக் கரைந்து போகலாம். தண்ணீரோ வெளிச்சமோ சட்டென்று மாறியதால் வரும் அதிர்ச்சி அது, செடி செத்துவிடவில்லை. பழுத்ததைக் கிள்ளி எறிந்துவிட்டு, கிழங்கை அசைக்காமல் விடுங்கள். புதிய இடத்துக்கு ஏற்ற இலைகளை அது தானே விடும். அடிக்கடி பிடுங்கிப் பார்ப்பதுதான் இதைக் கொல்லும்.

காட்டு ஓடையில் போய்ப் பிடுங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மணல் அகழ்வும் தோட்டங்களிலிருந்து வடியும் இரசாயனமும் ஓடைகளை ஏற்கெனவே மாற்றிவிட்டன. இந்தக் குலத்தின் பல இனங்கள், அழிவு ஆபத்தில் உள்ளவற்றைக் குறிக்கும் நமது செம்பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் சான் மார்க்கஸ் ஆற்றில், யாரோ கொட்டிய பெக்கெற்றி 1993இல் கண்டறியப்பட்டது. பிறகு அது பெருகி, அந்த ஆற்றுக்கே உரிய காட்டு நெல்லை நெருக்கியதால் வேரோடு அகற்ற வேண்டியதாயிற்று. தொட்டிக் கழிவை நமது வாய்க்காலிலும் கொட்டாமல் இருப்பதற்கு அந்த ஓர் உதாரணம் போதும்.

நாற்றுமேடையில் வளர்த்த வென்டி கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. டென்மார்க் நாற்றுமேடை ஒன்று உலகெங்கும் பரப்பிய வென்டி வகைக்கு ‘மீ ஓயா’ என்று பெயர். புத்தளம் களப்பில் போய்ச் சேரும் நமது மீ ஓயாதான். 1958இல் கிடைக்காத ஆற்றின் பெயர் அந்த ஒரு வகைக்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தெரிந்தால் பென்சிலால் ஒரு பிளாஸ்டிக் துண்டில் எழுதிச் சாடியில் குத்திவையுங்கள், பேனை எழுத்து ஈரத்தில் அழிந்துவிடும். ஓடுதண்டில் குட்டி விட்டதும் பிரித்து அயலவருக்குக் கொடுக்கும்போது, அந்தத் துண்டின் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.