இங்கிலாந்தின் அகழி வீடுகள்

அகழி என்றதும் கோட்டையும் முதலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்துக் கிராமங்களில் கோட்டையே இல்லாத இடங்களிலும் அகழிகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, சுமார் 6,000! வீட்டைச் சுற்றி வெட்டப்பட்ட அகழிகள் இவை.

பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையில் வெட்டப்பட்டவை. எதிரிக்குப் பயந்தா? அப்படித் தெரியவில்லை. சில அகழிகள் வீட்டை முழுதாகச் சுற்றி வருவதுகூட இல்லை. திருடனையும் அடுத்தவர் மாட்டையும் தடுக்கலாம், படையைத் தடுக்க முடியாது. அந்தஸ்துதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிரபுவின் கோட்டைக்கு அகழி உண்டு. கொஞ்சம் வசதி வந்த நிலக்காரருக்கும் அதே ஆசை. கல் மதில் எழுப்பப் பெரும் பணம் வேண்டும், பள்ளம் வெட்டக் கூலியாட்கள் போதுமே! பகட்டுக்காகச் செலவழிப்பதைப் பற்றி வெப்ளன் 1899-ல் புத்தகம் எழுதினார். அதற்கு அறுநூறு வருடம் முந்தைய உதாரணம் இது.

வெறும் பகட்டு என்றும் தள்ளிவிட முடியாது. அகழிகள் அதிகம் உள்ள சஃபோக், எசெக்ஸ் பகுதிகளில் கனமான களிமண். வெட்டினால் தண்ணீர் தானாக நிற்கும். வெட்டிய மண்ணைக் கொட்டி வீட்டு மனையை உயர்த்தலாம், மீன் வளர்க்கலாம், தீப்பிடித்தால் தண்ணீர் பக்கத்திலேயே.

கென்ட்டில் உள்ள ஐத்தம் மோட் போலச் சில வீடுகள் இன்றும் நிற்கின்றன. மற்ற பல இடங்களில் மர வீடு போய்விட்டது, பள்ளம் மட்டும் மிச்சம். நடுவே புல் முளைத்த ஒரு சதுர மேடு, அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் விஷயம் அடியில் இருக்கிறது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் பாலத்து மரம், தோல் செருப்பு, விதைகள் எல்லாம் எழுநூறு வருடமாகக் கெடாமல் இருக்க முடியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர்கள் பெருகின. வயலைப் பெரிதாக்கப் பல அகழிகளைத் தூர்த்து உழுதுவிட்டார்கள். 1979-ல் வந்த தொல்சின்னச் சட்டம் பட்டியலில் சேர்த்தவற்றைக் காக்கிறது. சேராதவற்றின் கதி பெரும்பாலும் நிலத்துக்காரர் கையில்.

தூர்த்த அகழிகூட மொத்தமாக மறைவதில்லை. கடும் கோடையில் சுற்றிலும் பயிர் வாடும்போது, ஈரம் தங்கிய பழைய பள்ளத்தின் மேல் மட்டும் பச்சையாக நிற்கும். 2018 வறட்சியின்போது பிரிட்டனில் இப்படிப் பல பழைய தடங்கள் விமானத்திலிருந்து தெரிந்தன. ஆனால் வாய்க்கால் போட்டு நீரை வடித்துவிட்ட வயல்களில் அந்தப் பாலத்து மரங்கள் காற்றுப்பட்டு மக்கிப் போகின்றன.