கண்ட இடத்தில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கிறீங்களா? உஷார்! காகிதத்தை காப்பாற்ற கைவசம் இருக்கும் வழிகள்

தர்மபுரி:-

குழுக்கடன் வேணுமா? ஆதார் ஜெராக்ஸ். ஓசூர், பெங்களூருவில் வேலைக்கு சேரணுமா? அங்கேயும் அதே ஜெராக்ஸ் தான். தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என மாவட்டத்தில் எந்த ஊரிலும் இதே கதைதான்.

ஒரிஜினலை பீரோவில் வைத்து பூட்டுகிறார்கள். ஆனால் வெளியே போன நகல் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. ஒரு நகல் என்பது வீட்டு சாவிக்கு போட்ட கள்ளச்சாவி மாதிரி. அது தவறான ஆள் கையில் சிக்கினால் என்ன ஆகும்?

பத்திரத்தில் இருந்த ரேகை

2018ல் தெலுங்கானாவில் நடந்த சம்பவம் இதற்கு சாட்சி. பதிவுத்துறை இணையதளத்தில் இருந்து நிலப்பத்திர நகல்களை ஒரு ஆசாமி டவுன்லோடு செய்தார். பத்திரத்தில் இருந்த கைரேகையை ரப்பர் ஸ்டாம்பு செய்யும் முறையில் அச்செடுத்தார். அதே பத்திரத்தில் ஆதார் நம்பரும் இருந்தது. இரண்டையும் வைத்து ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்ததாக அவரை போலீசார் கைது செய்தனர்.

இதே பாணியில் மினி ஏ.டி.எம். மெஷினில் போலி ரேகை வைத்து அடுத்தவர் கணக்கில் பணம் எடுத்த வழக்குகளும் பல மாநிலங்களில் பதிவாகி உள்ளன. அந்த மெஷினுக்கு ஏ.டி.எம். கார்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். ஆதார் நம்பர், வங்கி பெயர், ரேகை இருந்தால் போதும் என்பது குறிப்பிடத்தக்கது.

ரேகைக்கு பூட்டு

இதை தடுக்க 'பயோமெட்ரிக் லாக்' வசதி உள்ளது. ஆதார் ஆணையத்தின் ஆப் அல்லது இணையதளத்தில் இலவசமாக பூட்டலாம். பூட்டிவிட்டால் போலி ரேகை மட்டுமல்ல, உண்மையான ரேகையும் செல்லாது. எனவே ரேஷன் கடையில் ரேகை வைப்பவர்கள் போவதற்கு முன் தற்காலிகமாக திறந்து கொள்ள வேண்டும். ஆதாரில் செல்போன் நம்பர் இணைத்திருந்தால்தான் இதெல்லாம் செய்ய முடியும்.

பாதி மறைத்த ஆதார்

'மாஸ்க்டு ஆதார்' என்று ஒன்று உண்டு. 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். இதையும் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். முழு நம்பர் அவசியம் இல்லாத இடத்தில் இதையே கொடுக்கலாம்.

27.5.2022 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், 'நகலை கண்டபடி கொடுக்காதீர்கள்' என எச்சரித்தது. தவறாக புரிந்து கொள்ளப்படலாம் என்று 2 நாளில் அந்த அறிவிப்பு வாபஸ் ஆனது. ஆனாலும், ஆதாரை பயன்படுத்தும்போது வழக்கமான எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்று அப்போதும் மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

முழு நகல் கொடுத்தே ஆகணும் என்றால், அதன் மேலேயே 'இன்ன நிறுவனத்தில் குழுக்கடன் வாங்க மட்டும்' என எழுதி, தேதி போட்டு, எழுத்தின் மேல் படும்படி கையெழுத்து போடுங்க. அதே நகலை வேறு வேலைக்கு பயன்படுத்துவது கஷ்டமாகிவிடும்.

கடையில் கவனம்

பிரிண்ட் எடுக்க கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்புவது இப்போது சகஜம். வேலை முடிந்ததும் அங்கேயே நின்று, கடை கம்ப்யூட்டரிலும் அழிக்கச் சொல்லுங்க. உங்க போனிலும் 'டெலிட் பார் எவ்ரிஒன்' அழுத்துங்க. கறுப்படித்து வீணான நகலை கேட்டு வாங்கிடுங்க. ஒரிஜினல் மெஷின் கண்ணாடிக்கு அடியிலேயே மாட்டிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க.

பெரிய டிஜிட்டல் ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் இருக்கும். நகல் எடுத்த படம் அதில் தங்கிவிடலாம். அமெரிக்காவில் ஒரு மருத்துவ காப்பீட்டு நிறுவனம், வாடகை மெஷின்களை ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. 3 லட்சத்து 44 ஆயிரம் பேரின் விவரம் அம்பலமாகி இருக்கலாம் என்ற புகாரில், 2013ல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது.

கிழித்தாலும் ஒட்டுவார்கள்

ஆபீஸ்களில் காகிதத்தை அழிக்க 'ஷ்ரெட்டர்' மெஷின் உண்டு. இதற்கு அமெரிக்காவில் 1909லேயே காப்புரிமை வாங்கப்பட்டது. நீள நீளமாக நாடா போல வெட்டும் மெஷினை நம்ப முடியாது. 1979ல் ஈரான் தலைநகர் டெக்ரானில் அமெரிக்க தூதரகம் பிடிபட்டபோது, அங்கே வெட்டிப் போட்டிருந்த நாடாக்களை பொறுமையாக சேர்த்து ஒட்டி, ரகசியங்களை புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். குறுக்கும் நெடுக்கும் பொடியாக வெட்டும் 'கிராஸ் கட்' மெஷின்களும் உண்டு. பி-1 முதல் பி-7 வரை இவற்றுக்கு தர வரிசை உண்டு. நம்பர் கூடக்கூட துண்டு சிறுசாகும்.

வீட்டுக்கு மெஷின் தேவையில்லை. நம்பர், போட்டோ, கையெழுத்து இருக்கும் இடங்களை பொடிப்பொடியாக கிழித்து, வாளி தண்ணீரில் ஊறப்போட்டு கூழாக பிசைந்து விட்டால் போதும். பழைய பேப்பர்காரருக்கு போடும் கட்டில் பாஸ்புக் நகல், கடன் ரசீது கலந்து போகாமல் பார்த்துக்கணும்.

பத்திரம் எங்கே?

மூலப்பத்திரத்தை வங்கி லாக்கரில் வைக்கலாம். 1.1.2022 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு ஏற்பட்டால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. பூகம்பம், வெள்ளம் போன்ற இயற்கை பேரிடருக்கு இது பொருந்தாது. பத்திரம் தொலைந்தாலும் நிலம் போய்விடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். உடனே போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்குவது முக்கியம்.

சந்தேகம் வந்தால்...

உங்க பெயரில் எத்தனை சிம் ஓடுது என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் பார்க்கலாம். உங்களுக்கு தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். ஆதார் சந்தேகங்களுக்கு 1947. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930. சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு அதிகம்.